குளிர்காலத்தில் புரொப்பேன் தாங்கி எங்கே இருக்கவேண்டும்?

வீட்டில் ஒட்சிசன் பெறத் தொடங்கும் நோயாளரையும் அவர்தம் குடும்பத்தினரையும் முதன்முறை சந்திக்கும்போது நாங்கள் வழமையாகச் சில கேள்விகளைக் கேட்பதுண்டு. வீட்டில் புகைப்பிடிப்போர் உளரா? சமையல் அடுப்பு மின்சாரத்தில் இயங்குவதா, வாயுவில் இயங்குவதா? சுவாமி அறையில் விளக்கு ஏற்றும் வேளையில் நோயாளர் எங்கே அமர்ந்திருப்பார்? இவற்றுக்கெல்லாம் எவரும் தயங்காமல் விடையளிப்பர். "கோடையில் பயன்படுத்திய பார்பிகியூ அடுப்பின் புரொப்பேன் தாங்கி இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் அறையில் சற்று மௌனம் நிலவும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வர். பின்னர் ஒருவர் "கராஜுக்குள்" என்பார். இன்னொருவர் "பேஸ்மன்றில, படிக்குக் கீழ" என்பார்.

ஏன் உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று வினவினால் பெரும்பாலும் மூன்று காரணங்களே கூறப்படும். குளிருக்கு வெடித்துவிடும் என்பது ஒன்று. உறைந்து பழுதாகிவிடும் என்பது மற்றொன்று. வெளியே விட்டால் களவு போய்விடும் என்பது மூன்றாவது. முதலிரண்டும் தவறான அச்சங்கள். மூன்றாவது நியாயமானதே, ஆயினும் அதற்குரிய தீர்வு நிலக்கீழறை அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, அடையாளங்களை மாற்றி, இங்கே குறிப்பிட விரும்புகின்றோம். எழுபது வயதைக் கடந்த தாயார். இளமை முழுதும் விறகடுப்புப் புகையில் சமைத்தவர். தம் வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாதவர். நாட்பட்ட சுவாசத்தடை நோயினால் நாளின் பெரும்பகுதி மூக்குக்குழாய் வழியே ஒட்சிசன் பெற்றுவந்தார். முதல் பனி விழுந்த வார இறுதியில் மகன் பின்வளவை ஒழுங்குபடுத்தினார். அடுப்பை உறையிட்டு மூடினார். தாங்கியைக் கழற்றி, பழுதாகாதிருக்கட்டும் என்னும் நல்லெண்ணத்துடன், நிலக்கீழறையில் வெப்பமூட்டும் உலைக்கு அருகே வைத்தார். வால்வு முற்றாக மூடப்படவில்லை. அதன் வாயிலுக்கு மூடியும் இடப்படவில்லை. தாயாரின் படுக்கையறை அதே தளத்தில்தான் இருந்தது. இரண்டு நாட்கள் அவர் எதனையும் உணரவில்லை. மூன்றாம் நாள் பாடசாலையிலிருந்து வந்த பேர்த்தி, படியில் கால் வைத்தவுடனேயே, "அம்மம்மா, ஏன் இங்க அழுகின முட்டை மணக்குது?" என்று கேட்டாள். அம்மம்மாவுக்கு எந்த மணமும் தெரியவில்லை. அப்பிள்ளை மின்குமிழைப் போடாமல் அவரைக் கைபிடித்து வெளியே அழைத்துச் சென்றாள்; தீயணைப்பு வகுப்பில் கற்றது நினைவில் இருந்ததாம். எவருக்கும் தீங்கு நேரவில்லை. அக்குடும்பத்தின் வேண்டுகோளே இக்கட்டுரைக்கு முதற்காரணம்.

குளிர் தாங்கியை என்ன செய்கிறது?

தாங்கியினுள் இருப்பது பெரும்பாலும் திரவம். அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்ட புரொப்பேன் அது. அத்திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியே அடுப்புக்கு வந்து எரிகிறது. சாதாரண வளியழுத்தத்தில் புரொப்பேன் கொதிக்கும் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியஸ். அது உறைந்து திண்மமாகவேண்டுமாயின் சுழியத்துக்குக் கீழ் 188 பாகை வரை செல்லவேண்டும். ரொறன்ரோவின் மிகக் கொடிய தை மாத இரவும் இவ்விரண்டில் எதனையும் எட்டுவதில்லை. ஆகவே உறைந்து பழுதாகும் என்ற கவலைக்கு இடமில்லை.

வெடித்துவிடும் என்ற அச்சமோ உண்மைக்கு நேர்மாறானது. குளிர் கூடக்கூடத் தாங்கியினுள் அழுத்தம் குறைகிறது. சுழியத்துக்கு மேல் 20 பாகையில் இருக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால், சுழியத்துக்குக் கீழ் 20 பாகையில் இருப்பது அதன் மூன்றிலொரு பங்கிலும் குறைவு. பனியில் நிற்கும் தாங்கி அமைதியாக உறங்கும் தாங்கி என்றே கொள்ளலாம். அதனைத் தூக்கிக்கொண்டுவந்து வெப்பமான அறையில் வைக்கும்போதுதான் திரவம் விரிவடைகிறது; அழுத்தம் ஏறுகிறது. இவ்விரிவுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே தாங்கியின் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக்கூடாதென விதித்திருக்கின்றனர். கவனக்குறைவாக அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட தாங்கி குளிரிலிருந்து சூட்டுக்கு வந்தால், உள்ளிருக்கும் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து வாயுவை வெளியேற்றும். வெடிப்பைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்ட அந்த வால்வு, மூடிய அறைக்குள் திறந்தால் அந்த அறையையே வாயுவால் நிரப்பிவிடும்.

குளிர்காலத்திலும் வெளியே பார்பிகியூ செய்யும் ஆர்வலர் சிலர் உளர். சுடர் வலுவற்று எரிவதையும், தாங்கியின் கீழ்ப்பாதியில் வெண்பனி படிவதையும் அவர்கள் கண்டிருப்பர். இரண்டும் இயல்பானவை. திரவம் ஆவியாகும்போது தன்னைச் சூழ்ந்த வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் உலோகம் குளிர்ந்து பனி படிகிறது. இதனைப் பழுதென எண்ணிக் கொதிநீர் ஊற்றுவதும், மின்கணப்பை அருகில் வைப்பதும், மின்போர்வையால் சுற்றுவதும் மிக ஆபத்தானவை. பொறுமையாகச் சமையுங்கள், அல்லது சமையலறைக்குள் சென்று மின்னடுப்பில் சமையுங்கள்.

வீடு தாங்கியை என்ன செய்கிறது?

புரொப்பேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது. கசிந்தால் அது புகைபோல் மேலெழுந்து கலைந்துபோவதில்லை. நீர்போல் தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும், கதவின் அடியால் நுழையும், படிகளில் இறங்கும், மூலையில் தேங்கும். இந்நாட்டு வீடுகளில் மிகத் தாழ்ந்த இடம் நிலக்கீழறை. வெப்பமூட்டும் உலையும் சுடுநீர்த் தாங்கியும் பெரும்பாலும் அங்கேதான் அமைந்திருக்கின்றன. இரண்டிலும் தீச்சுடரோ தீப்பொறியோ நாளுக்குப் பன்முறை தோன்றும். கசியும் வாயுவும் காத்திருக்கும் சுடரும் ஒரே அறையில் சந்திப்பதற்கு நாமே ஏற்பாடு செய்துகொடுத்ததாகிவிடும்.

அளவையும் கருதுங்கள். ஒரு லீற்றர் திரவப் புரொப்பேன் ஆவியாகும்போது ஏறத்தாழ 270 லீற்றர் வாயுவாக விரிகிறது. பார்பிகியூவுக்குப் பயன்படும் வழமையான தாங்கியில் சுமார் 9 கிலோகிராம் புரொப்பேன் இருக்கும். அது 4,000 லீற்றருக்கும் மேற்பட்ட வாயுவாகக்கூடியது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் அது கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு, ஒரு தாங்கி ஒரு முழு நிலக்கீழ்த்தளத்துக்குப் போதும் என்பது விளங்கும்.

கராஜும் இவ்வாறே. அது வீட்டோடு ஒட்டியது. அங்கே வாகனத்தின் எஞ்சின் இயங்குகிறது. தன்னியக்கக் கதவின் மின்மோட்டார் இயங்குகிறது. பின்வளவிலுள்ள மூடிய மரக்கொட்டகை வீட்டைவிட நன்றன்றோ எனச் சிலர் கேட்பதுண்டு. அங்கும் வாயு தேங்கும். பனி வெட்டும் இயந்திரமும் அதன் பெற்றோலும் அங்கேதான் இருக்கும். தாங்கிக்கு வேண்டியது கூரையன்று, காற்றோட்டம்.

ஊரில் உள்ளேதானே வைத்திருந்தோம்?

இக்கேள்வி எம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது. நாங்களும் ஒரு காலத்தில் கேட்டதுதான். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் வாயுச் சிலிண்டர் சமையலறைப் பொருள். அடுப்புத் திட்டின் கீழே அது நிற்பதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். அப்பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

ஆனால் அந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். சமையலறையின் பின்கதவு விடியலிலிருந்து அந்திவரை திறந்தே கிடக்கும். யன்னல்களும் அப்படியே, சுவரில் காற்றுப் புகும் கல் துவாரங்கள் வேறு. தரைக்குக் கீழே அறை கிடையாது. இரவு பகலாகத் தானே பற்றி எரியும் உலை கிடையாது. கனேடிய வீடு, குறிப்பாகக் கார்த்திகை முதல் பங்குனி வரை, இறுக மூடிய பெட்டி. வாயுவும் ஒன்றன்று. ஊரில் கிடைப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் சுழியத்துக்கு அரைப் பாகை கீழேயே திரவமாகிவிடும். அதனால் அது வெப்ப நாடுகளுக்கே உரியது. இங்கே தாங்கியில் இருப்பது ஏறத்தாழ முழுமையாகப் புரொப்பேன். ஒரே வெப்பநிலையில் அதன் அழுத்தம் பல மடங்கு கூடுதலானது. கலவையின் விகிதம் எத்துணை முக்கியமானது என்பதை 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கைச் சமையலறைகளில் நிகழ்ந்த தொடர் விபத்துகளின்போது உறவினர்களுடன் தொலைபேசியில் பேசிய எவரும் மறந்திருக்கமாட்டார்.

எனவே ஊர் வழக்கம் தவறென்று நாங்கள் கூறவில்லை. அது வேறு வீட்டுக்கும் வேறு வாயுவுக்கும் உரிய வழக்கம்.

நோயாளர் உள்ள வீடு ஏன் வேறுபட்டது?

புரொப்பேனுக்கு இயற்கையில் மணமில்லை. கசிவு தெரியவேண்டும் என்பதற்காக எதைல் மேகப்டன் என்னும் கந்தகச் சேர்வையை அதனுடன் கலக்கின்றனர். அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையதே. ஆக, வாயுக் கசிவுக்கு எதிரான முதற்காவல் மனித மூக்கு. எம்மிடம் வருவோரில் பலருக்கு அந்தக் காவல் இல்லை. முதுமையில் மோப்பத்திறன் இயல்பாகவே குன்றுகிறது. பார்க்கின்சன் நோயிலும் அல்சைமர் நோயிலும் அது மிக ஆரம்பத்திலேயே மறையக்கூடும். நீண்டகாலம் புகைப்பிடித்தோர், மூக்கில் சதை வளர்ந்தோர், கோவிட் தொற்றுக்குப் பின் மணம் திரும்பப் பெறாதோர் ஆகியோரும் இவ்வரிசையில் அடங்குவர். தம் மோப்பம் குறைந்துவிட்டதை இவர்களிற் பலர் தாமே அறியார் என்பதுதான் கவலைக்குரியது. வீட்டில் ஒரு சிறு சோதனை செய்யலாம். கண்ணை மூடச்செய்து, கோப்பித்தூளையும் பின்னர் இடித்த உள்ளியையும் மூக்கருகே பிடித்து, என்னவென்று கேளுங்கள். தடுமாறினால் அடுத்த சந்திப்பில் எமக்குத் தெரிவியுங்கள். நல்ல மூக்கையும் முற்றாக நம்புவதற்கில்லை. துருப்பிடித்த பழைய தாங்கியின் உட்புறம் அந்த மணச் சேர்வையைக் குறைத்துவிடக்கூடும். மெல்லக் கசியும் மணத்துக்கு மூக்கு பழகியும்விடும்.

அடுத்தது ஒட்சிசன். ஒட்சிசன் தானாக எரிவதில்லை. ஆனால் எரியும் எதனையும் மூர்க்கமாக எரியச்செய்யும். ஒட்சிசன் பெறுபவரின் சட்டையிலும் போர்வையிலும் தலைமயிரிலும் அது தங்கியிருக்கும். குழாயைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் நீங்காது. ஆகவேதான் எத்தகைய சுடரிலிருந்தும் குறைந்தது 3 மீற்றர் விலகியிருக்குமாறு கூறுகின்றோம். குளிர்காலத்திலும் கோடையிலும் பார்பிகியூ அடுப்பைப் பற்றவைப்பதும் தாங்கியை மாற்றுவதும் வீட்டிலுள்ள வேறொருவரின் பணியாக இருக்கட்டும். "இத்தனை வருஷம் நான்தானே செய்தனான்" என்று தந்தையர் மனம் வருந்துவர். அவர்களை நாற்காலியில் தள்ளி அமர்த்தி, எது வெந்தது எது வேகவில்லை என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். பெரும்பாலும் அது அவர்களுக்குப் பிடித்துவிடுகிறது.

பராமரிப்போர் குழம்பும் இடம் ஒன்றையும் இங்கே தெளிவுபடுத்தவேண்டும். மின்தடையின்போது பயன்படுத்துவதற்கென வீட்டில் ஒரு ஒட்சிசன் சிலிண்டர் வழங்கப்பட்டிருக்கும். அது வீட்டுக்குள், காற்றோட்டமான இடத்தில், சாய்ந்து விழாதவாறு நிறுத்தப்படவேண்டியது. புரொப்பேன் தாங்கியோ வெளியே இருக்கவேண்டியது. இரண்டும் உலோகப் பாத்திரங்கள், இரண்டிலும் வால்வு உண்டு என்பதனால் ஒரே மூலையில் அடுக்கிவைத்த வீடுகளும் உள. ஒழுங்கான மனிதர்களே இதனைச் செய்கின்றனர் என்பதுதான் இதிலுள்ள விநோதம். எரிபொருளையும் எரிவதைத் தூண்டுவதையும் ஒருபோதும் அருகருகே வைக்கலாகாது.

வெளியே எப்படி வைப்பது?

பின்வளவில் சமதளமான, உறுதியான ஓரிடத்தைத் தெரிவுசெய்யுங்கள். சிமெந்துக் கல் ஒன்றின் மேல் வைத்தால் அடிப்பாகம் ஈரத்தில் துருப்பிடிக்காது. வீட்டின் கதவு, யன்னல், நிலக்கீழறை யன்னற்குழி, காற்றை உள்ளிழுக்கும் குழாய், உலர்த்தியின் புகைபோக்கி ஆகியவற்றிலிருந்து 3 மீற்றரேனும் தள்ளியிருத்தல் நன்று. யன்னற்குழியைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சுவரோரமாக, கண்ணில் படாத இடமாகத் தேடுவோர் பெரும்பாலும் அதன் அருகிலேயே வைத்துவிடுகின்றனர். வெளியே கசியும் வாயு அக்குழிக்குள் இறங்கி உள்ளே நுழைந்துவிடும்.

தாங்கி எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். படுக்கவைத்தால் பாதுகாப்பு வால்வு திரவத்தினுள் மூழ்கிவிடும். அது திறக்க நேர்ந்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம் பீறிடும். களவு அஞ்சுவோர் வேலிக்கம்பத்துடன் சங்கிலியால் பிணைத்துப் பூட்டலாம். அவ்வாறு செய்தால் காற்றில் சரிந்து விழுவதும் தடுக்கப்படும். பொலித்தீன் உறையால் இறுகச் சுற்றவேண்டாம்.

வால்வை வலப்புறமாகத் திருப்பி முற்றாக மூடுங்கள். அடுப்பை வெளியிலேயே உறையிட்டு வைப்பதாயின் தாங்கி அதனோடு இணைந்திருக்கலாம். வால்வு மூடியிருப்பது போதும். அடுப்பைக் கராஜுக்குள் கொண்டுசெல்வதாயின் தாங்கியைக் கழற்றி வெளியே விட்டுச்செல்லுங்கள். கழற்றிய தாங்கியின் வாயிலுக்கு மூடி இடவேண்டும். ஈரமும் பூச்சியும் புகாதிருப்பதற்கும் அது உதவும். கழற்றும்போது கையுறை அணிவது நன்று. திரவப் புரொப்பேன் தோலில் பட்டால் கொதிநீர் பட்டதுபோன்றே கொப்புளிக்கும். அவ்வாறு நேர்ந்தால் தேய்க்காமல், இளஞ்சூட்டு நீரில் நனைத்து, உடன் மருத்துவ உதவி நாடுங்கள். நீரிழிவினால் விரல்களில் உணர்வு குன்றியோர் இவ்வேலையைப் பிறரிடம் விட்டுவிடவேண்டும். தாம் புண்பட்டதை அவர்கள் மறுநாள்வரை அறியாதிருக்கக்கூடும்.

கடும்பனி பெய்தபின் தாங்கியைச் சுற்றியுள்ள பனியை மெல்ல அகற்றுங்கள். பனியினுள் புதைந்த தாங்கியிலிருந்து கசியும் வாயு கலைந்துசெல்ல வழியின்றி அடியிலேயே தேங்கும். றெகுலேற்றரில் ஒரு சிறு மூச்சுத் துவாரம் உண்டு. அது பனிக்கட்டியால் அடைபட்டால் அழுத்தம் கட்டுப்பாடின்றிப் போகும். மண்வெட்டியால் தட்டாமல் கையாலோ துடைப்பத்தாலோ தள்ளுங்கள்.

வெறுமையான தாங்கிக்கும் இதே விதிதான். அடுப்பு அணைந்துவிட்டது என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருளன்று, ஆவி எஞ்சியிருக்கும். முகாமிடச் செல்லும்போது பயன்படும் சிறிய ஒருமுறைத் தாங்கிகளும் அவ்வாறே. அவற்றைக் குப்பையில் இடலாகாது. மாநகரசபையின் ஆபத்தான கழிவுப்பொருள் சேகரிப்பிடத்தில் ஒப்படைக்கவேண்டும். தாங்கியின் கழுத்துப் பட்டையில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். கனடாவில் 10 ஆண்டுகள் கடந்த தாங்கியை மறுபரிசோதனை செய்யாமல் நிரப்ப அனுமதியில்லை. நிரப்புவதற்குக் காரில் கொண்டுசெல்லும்போது நிமிர்த்திப் பிணைத்து, யன்னலைச் சற்றுத் திறந்துவிட்டு, வேறெங்கும் தாமதிக்காமல் திரும்புங்கள். ஒட்சிசன் பெறுபவரையும் புரொப்பேன் தாங்கியையும் ஒரே வாகனத்தில் ஏற்றாதீர்கள். மருத்துவச் சந்திப்புக்கு வரும் வழியில் தாங்கியையும் நிரப்பிக்கொள்ளலாம் என்ற சிக்கனம் எமது வாகனத் தரிப்பிடத்தில் ஒருமுறை எம் கண்ணில் பட்டது.

அடுக்குமாடியில் வசிப்போர் கட்டட நிர்வாகத்தைக் கேட்காமல் தாங்கியைப் பல்கனியில் வைக்கவேண்டாம். பல கட்டடங்களில் அதற்கு முற்றான தடை உண்டு. அவ்வாறாயின் உறவினர் ஒருவரின் பின்வளவே உகந்த இடம்.

மின்சாரம் நின்ற இரவு

2013ஆம் ஆண்டு மார்கழியில், நத்தாருக்குச் சில நாட்கள் முன்னதாக, உறைமழை ரொறன்ரோவை மூடியது. மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரத்தால் முறிந்து மின்கம்பிகள் மேல் வீழ்ந்தன. நகரில் ஏறத்தாழ 3 இலட்சம் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் மின்சாரம் திரும்பவில்லை. அந்நாட்களில் குளிர்தாங்காத குடும்பங்கள் பார்பிகியூ அடுப்பையும் மின்பிறப்பாக்கியையும் கராஜுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இயக்கியதால் காபன் மொனொக்சைட் நஞ்சேற்றத்துக்கு உள்ளானோர் பலர்.

தாங்கியை உள்ளே வைத்திருக்கும் வீட்டில் இவ்வாபத்து இரட்டிப்பாகிறது. கையெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் இருளில் மனிதர் நாடுவர். ஒட்சிசன் செறிவாக்கி நின்றுவிட்டது. மாற்றுச் சிலிண்டரைத் திறந்தாயிற்று. தாயாரின் கைகள் குளிர்கின்றன. படிக்குக் கீழே முழுத் தாங்கி இருக்கிறது. அந்த இரவில் அன்புதான் மகனை அடுப்பை உள்ளே இழுத்துவரச் செய்யும். ஆதலால் அம்முடிவை ஒக்ரோபர் மாதத்திலேயே, வெளிச்சத்தில், எடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கின்றோம். மின்சாரம் நின்றால் எந்த உறவினர் வீட்டுக்குச் செல்வது, மாற்றுச் சிலிண்டர் எத்தனை மணிநேரம் தாக்குப்பிடிக்கும், ஒட்சிசன் வழங்குநரின் அவசர எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பனவற்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள்.

காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கூரிய மூக்கும் அதனை அறியாது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்று தடிமன் காய்ச்சல்போலத் தொடங்கும். ஆனால் காய்ச்சல் இராது. ஒரே நேரத்தில் வீட்டிலுள்ள பலருக்கும் இவை தோன்றினால் ஐயுறுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். எம் நோயாளர் பலரிடம் விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவுமானி உண்டு. மூச்சு முட்டினாலும் தலைவலித்தாலும் முதலில் அதைத்தான் மாட்டிப் பார்ப்பர். காபன் மொனொக்சைட் குருதியில் ஏறியிருக்கும்போது அக்கருவி ஏமாந்துபோகிறது. ஒட்சிசனோடு பிணைந்த செந்நிறப்பொருளையும் காபன் மொனொக்சைட்டோடு பிணைந்த செந்நிறப்பொருளையும் அதனால் வேறுபடுத்த முடியாது. உடல் மூச்சின்றித் தவிக்கும்போதும் திரையில் 97 அல்லது 98 எனக் காட்டக்கூடும். அவ்வெண்ணைக் கண்டு ஆறுதலடைந்து படுத்துவிடாதீர்கள். செறிவாக்கியின் அளவைக் கூட்டிக்கொண்டு உள்ளேயே இருப்பதும் தீர்வன்று. எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள்.

ஒன்ராறியோவில் எரிபொருளால் இயங்கும் சாதனமோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது 2014ஆம் ஆண்டிலிருந்து சட்டம். படுக்கையறைகளுக்கு அண்மையில் அதனைப் பொருத்துங்கள். மின்கலம் உள்ளதாக இருக்கட்டும், ஏனெனில் அது அதிகம் வேண்டப்படுவது மின்சாரம் இல்லாத இரவில்தான். ஆனால் அக்கருவி புரொப்பேன் கசிவை உணராது. அதற்கெனத் தனிக் கருவி விற்கப்படுகிறது. மோப்பம் குன்றியோர் உள்ள, புரொப்பேனில் இயங்கும் சாதனம் ஏதேனும் உள்ள வீட்டில் அதனையும் வாங்கி, சுவரின் அடிப்பாகத்தில், தரையை ஒட்டிப் பொருத்துங்கள். வாயு தேங்கும் இடம் அதுவே.

மணம் வந்தால்

வீட்டுக்குள் மணம் உணரப்பட்டால் மின்குமிழைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். உள்ளிருந்து தொலைபேசவும் வேண்டாம். கசிவு எங்கே என்று தேடி நிற்காமல் எல்லோரையும் வெளியேற்றுங்கள். ஒட்சிசன் பெறுபவரைக் கையில் எடுத்துச்செல்லக்கூடிய சிறிய சிலிண்டருடன் அழைத்துச்செல்லலாம். அது கைக்கெட்டவில்லையெனில் அதற்காகத் திரும்பவேண்டாம். சில நிமிடங்கள் ஒட்சிசன் இன்றி வெளியே இருப்பது, வாயு நிறைந்த அறையில் இருப்பதிலும் பாதுகாப்பானது. தீயணைப்புப் படையினர் ஒட்சிசனுடன் வருவர். அயல்வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ 911ஐ அழைத்து, வீட்டில் ஒட்சிசன் பெறும் நோயாளர் உள்ளார் என்பதை முதல் வசனத்திலேயே கூறுங்கள்.

வெளியே நிற்கும் தாங்கியருகே மணம் வந்தால், வால்வை எளிதில் மூட முடியுமாயின் மூடுங்கள். முடியாவிடின் விலகிநின்று அழையுங்கள்.

கசிவைப் பரிசோதிக்கும் முறை எளிது. பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தை நீரில் கரைத்து, வால்விலும் இணைப்பிலும் குழாயிலும் பூசி, வால்வைத் திறந்து பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. உறைபனிக் காலத்தில் நீர் உடனே உறைந்துவிடும்; எனவே குளிருக்கு முன் ஒருமுறையும், சித்திரையில் அடுப்பை மீண்டும் எடுக்கும்போது ஒருமுறையும் செய்யலாம். தீக்குச்சியால் சோதிக்கும் பழக்கம் எவருக்கேனும் இருந்தால் இன்றோடு அது நிற்கட்டும்.

சித்திரையில் இன்னொன்றையும் பாருங்கள். பல மாதங்கள் பயன்படாதிருக்கும் அடுப்பின் எரிகுழாய்களுக்குள் சிலந்திகள் விரும்பிக் கூடு கட்டுகின்றன. வலையால் அடைபட்ட குழாயில் வாயு முன்னே செல்ல முடியாமல் பின்புறமாகத் திரும்பி, கட்டுப்பாட்டுக் குமிழ்களின் அருகே தீப்பற்றும். நீண்ட மெல்லிய தூரிகையால் குழாய்களைத் துப்புரவாக்கி, இறப்பர்க் குழாயில் வெடிப்போ எலி கடித்த தடமோ உண்டா எனப் பார்த்து, அடுப்பின் மூடியைத் திறந்துவைத்த நிலையிலேயே பற்றவையுங்கள்.